பின் நம்பர் சரியாக இருந்தால், பணம் போனதற்கு நானே பொறுப்பா?

தாம்பரம் மார்க்கத்தில் ஒரு புறநகரில் தனியாக வசிக்கும் 61 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். நீண்ட கடிதம், அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் துணி எடுத்துக்கொண்டு மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறியிருக்கிறார். வாசலுக்குப் பக்கத்து இருக்கை. மகனுக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது, வழியில் ஒரு நிலையத்தில் வண்டி கிளம்புகிற நேரத்தில், எதிரே நின்ற பையன் போனைப் பிடுங்கிக்கொண்டு குதித்து ஓடிவிட்டான். அப்போது இரவு ஏழேகால். வீடு வந்ததும் பக்கத்து வீட்டு போனிலிருந்து தன் எண்ணுக்கே திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார், யாராவது எடுத்துப் பேசுவார்கள் என்று. பெங்களூரில் இருக்கும் மகனிடம் ஒன்பதரைக்குத்தான் சொன்னார். வங்கியின் அறிவிப்புகள் வரும் ஜிமெயிலை மகன் தன் லேப்டாப்பில் திறந்து பார்த்தபோது, 49,000, 20,000, 5,500 என்று மூன்று தடவையாக 74,500 ரூபாய் யூபிஐ வழியே போயிருந்தது. மகன் அன்றிரவே இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தார். புகார் எண்ணும் வந்தது. சிம்மை முடக்கியது மறுநாள் காலையில்.

அன்றே பதினொரு மணிக்கு வங்கிக் கிளைக்குப் போனார். “பின் நம்பர் சரியாகப் போட்டுத்தான் பணம் போயிருக்கிறது. நீங்கள் யாரிடமோ சொல்லியிருப்பீர்கள். வங்கி பொறுப்பாகாது” என்று பதில். எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு ரசீது இல்லை. போலீஸ் பக்கம் மூன்று அலுவலகங்களுக்கு அலைந்திருக்கிறார். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார்கள். கடைசியில் ஓர் இடத்தில் ‘போன் தொலைந்துவிட்டது’ என்று எழுதச் சொல்லி சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். மூன்றாம் நாள், அவர் பெயரில் உறவினர்களுக்கு ‘அவசரம், பணம் அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப் போயிருக்கிறது. நாத்தனார் 8,000 ரூபாய் அனுப்பிவிட்டார்.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. அவர் கேட்பவை: வங்கி சொல்வது சரியா? எந்த ஸ்டேஷனுக்குப் போவது? சிம்மை முடக்கிய பிறகும் வாட்ஸ்அப் எப்படி ஓடுகிறது? ராசியில்லாத அந்த எண்ணை விட்டுவிட்டுப் புது எண் வாங்கிவிடலாமா? போன் இருக்கும் தெருவை வரைபடம் காட்டுகிறது, மகன் நண்பர்களோடு போய்ப் பார்க்கிறேன் என்கிறான், அனுப்பலாமா? நாத்தனாரின் பணத்தை நான் கொடுக்க வேண்டுமா? போனில் மறைந்த கணவரின் படங்களும் குரல் பதிவுகளும் இருந்தன, அவை போனது போனதுதானா?

அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: “டிக்கெட் புக் பண்ண மகன் கேட்டான் என்று டெபிட் கார்டை முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பியிருந்தேன், ஆதாரும் அப்படித்தான்.” இன்னொரு வரி, யூபிஐ ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் பூட்டு கேட்பது தொல்லையாக இருந்ததால் அதை மகன் அணைத்துவிட்டார் என்பது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், உங்கள் பின் நம்பர் யாருக்குமே தெரியாமல் பணம் போக வழி இருக்கிறது.

யூபிஐ ஆப்பில் ‘பின் மறந்துவிட்டது’ என்று ஓர் இடம் உண்டு. அதை அழுத்தினால் டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களையும் அது காலாவதியாகும் மாதம், வருடத்தையும் கேட்கும். பிறகு ஓடிபி வரும். சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும். பல வங்கிகளில் இவ்வளவே போதும். போன் திறந்த நிலையில் பறிக்கப்பட்டது. கார்டின் படம் கேலரியில் இருந்தது. சிம் உயிரோடு இருந்ததால் ஓடிபியும் அதே போனுக்கே வந்திருக்கும். ஆக, அவன் உங்கள் பழைய பின்னைக் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் விஷயத்தில் நிச்சயம் இதுதான் நடந்தது என்று கடிதத்தை மட்டும் பார்த்து நான் சொல்ல முடியாது. ஆனால் வங்கியால் சொல்ல முடியும். பின் எப்போது மாற்றப்பட்டது என்பது அவர்கள் பதிவில் நிமிட சுத்தமாக இருக்கும். அது ஏழேகாலுக்குப் பிறகு என்று தெரிந்தால், “பின் சரியாக இருந்தது” என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகும். கிளையில் யாரும் இதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வங்கிக்கு எழுத வேண்டியது

வாடிக்கையாளரின் அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிமாற்றங்களில் யார் எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் வகுத்தது. தவறு வங்கியுடையது என்றால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் எங்கோ என்றால், வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்திருந்தால் அப்போதும் பொறுப்பில்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உங்கள் சுமை அதிகபட்சம் 10,000 ரூபாய். தகவல் வந்த நாள் இந்தக் கணக்கில் சேராது.

உங்கள் கவனக்குறைவால் போனது என்றால் கதை வேறு. வங்கியிடம் சொல்லும் வரை போன பணம் முழுக்க உங்கள் தலையில். சொன்ன பிறகு போனது வங்கியின் தலையில். வங்கி இந்தப் பிரிவைத்தான் பிடித்துக்கொள்ளும். கார்டைப் படம் எடுத்து வைத்ததே கவனக்குறைவு என்பார்கள். சுற்றறிக்கை கவனக்குறைவுக்குச் சொல்லும் உதாரணம், ரகசிய விவரங்களை மற்றவரிடம் பகிர்ந்துகொள்வது. கார்டை மகனுக்கு அனுப்பினீர்களே என்று கேட்பார்கள். பணத்தை எடுத்தது மகன் அல்ல, போனைப் பிடுங்கியவன் என்பது நம் பதில். சொந்தப் போனின் கேலரியில் இருந்த படத்தைத் திருடன் பார்ப்பது நீங்கள் அவனிடம் சொன்னதாகாது. இதில் நீங்கள் நூற்றுக்கு நூறு ஜெயிப்பீர்கள் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. மேலாளர் வாய்மொழியாக “யாரிடமோ சொல்லியிருப்பீர்கள்” என்பது நிரூபணம் அல்ல.

1930-க்குச் சொன்னதே வங்கிக்குச் சொன்னதாகும் என்று நினைத்திருக்கிறீர்கள். அது பணத்தை வழியில் மடக்குவதற்கான ஏற்பாடு. வங்கியிடம் இழப்பீடு கோருவது தனி. நீங்கள் மறுநாளே கிளைக்குப் போனது நல்லது. அதற்கு எழுத்தில் சாட்சி இல்லாததுதான் குறை. அந்தக் குறையை இன்றே சரிசெய்யுங்கள். வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதையே அச்செடுத்து கிளைக்கு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். அதில் போன் பறிபோன நேரம், மூன்று பரிமாற்றங்களின் விவரம், 1930 புகார் எண், இன்ன தேதி காலை பதினொரு மணிக்கு நேரில் வந்து கடிதம் கொடுத்த விஷயம் எல்லாம் வரட்டும். கிளையின் கேமராப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி ஒரு வரி சேருங்கள். முக்கியமாக இதைக் கேளுங்கள்: அன்று மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை என் கணக்கில் யூபிஐ பின் மாற்றப்பட்டதா, எத்தனை மணிக்கு, எந்த விவரங்களைக் கொண்டு, பணம் எந்தக் கணக்குகளுக்குப் போனது?

நீங்கள் தெரிவித்ததிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. கிளைகளில் பலருக்கு இது நினைவிருப்பதில்லை. கடிதத்தில் தேதியைக் குறிப்பிட்டு எழுதினால் நினைவு வந்துவிடும்.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆன்லைனில் பதியலாம், உதவிக்கு 14448. நுகர்வோர் ஆணையத்துக்கும் போக வழி இருக்கிறது. ஆனால் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் நடத்த முடியாது. அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஒம்பட்ஸ்மன் தொட மாட்டார். 74,500 ரூபாய்க்கு முதலில் ஒம்பட்ஸ்மன் என்பதே என் யோசனை. வக்கீலாகிய நானே வக்கீல் வேண்டாம் என்கிறேன், நம்புங்கள்.

1930 புகாரின் நிலையையும் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் ஏதாவது மடக்கி வைக்கப்பட்டிருந்தால் அது தானாகத் திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம். வழக்கமாக மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு உத்தரவு வாங்கித்தான் விடுவிப்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆவது பிரிவு அதற்குத்தான். அந்த மனுவுக்கு எஃப்ஐஆர் கையில் இருப்பது பெரிய பலம்.

‘தொலைந்தது’ என்று ஏன் எழுதினீர்கள்?

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. களைத்துப்போய் நிற்பவரிடம் ‘இப்படி எழுதுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்’ என்றால் யாரும் எழுதிவிடுவார்கள். ஆனால் தொலைந்துபோன பொருளுக்குக் குற்றவாளி கிடையாது. அதனால் வழக்கும் கிடையாது. சிஎஸ்ஆர் ரசீது என்பது புகார் வந்ததற்கான அத்தாட்சி, அவ்வளவே. கையிலிருந்து பிடுங்கி ஓடியது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆவது பிரிவின்படி பறிப்புக் குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை. உங்கள் பெயரில் நாத்தனாரை ஏமாற்றியது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வரும் ஆள்மாறாட்ட மோசடி. இவ்வளவும் ‘தொலைந்தது’ என்ற ஒரு வார்த்தைக்குள் காணாமல் போய்விட்டது. நாளை வங்கியும் “போன் தொலைந்ததாகத்தானே எழுதியிருக்கிறீர்கள்” என்று அதையே உங்களுக்கு எதிராகக் காட்டும்.

எந்த ஸ்டேஷன் என்ற கேள்விக்கு: ஓடும் ரயிலில் நடந்ததை விசாரிப்பது ரயில்வே போலீஸ். ஆனால் புகாரை வாங்க எந்த ஸ்டேஷனும் எல்லையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. அவர்கள் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சலிலும் கொடுக்கலாம், மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம்.

நீங்கள் செய்ய வேண்டியது: சிஎஸ்ஆர் எண்ணைக் குறிப்பிட்டு, நடந்ததை நடந்தபடி விவரமாக ஒரு கூடுதல் புகார் எழுதுங்கள். முதல் கடிதத்தில் ‘தொலைந்தது’ என்று இருப்பது பறிப்பைக் குறிக்கவே என்று ஒரு வரி போடுங்கள். பணம், வாட்ஸ்அப் மோசடி எல்லாம் ஒரே புகாரில் இருக்கட்டும். போன் ஒரு புகார், பணம் ஒரு புகார் என்று பிரித்தால் மறுபடி அலைச்சல்தான். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். அதே புகாரை ரயில்வே காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பெரும்பாலும் தபாலிலேயே வேலை நடந்துவிடும்.

அந்த எண்ணை விட்டுவிடாதீர்கள்

ராசி பார்ப்பதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இந்த எண் உங்கள் வங்கி, ஓய்வூதியம், ஆதார், கேஸ், மின்கட்டணம் எல்லாவற்றிலும் பதிவாகியிருக்கிறது. கைவிட்ட எண்கள் குறைந்தது 90 நாள் சும்மா கிடந்துவிட்டு வேறொருவருக்குப் போகும். அப்புறம் உங்கள் ஓடிபிகள் முன்பின் தெரியாத ஒருவரின் போனில் வந்து விழும். ஆகவே அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போய் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குங்கள். ஒன்பது நாளாக இதைத் தள்ளிப்போட்டதுதான் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறது.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். மாற்று சிம் வேலை செய்யத் தொடங்கிய பின்னும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. சிம் பழுது என்று மறுபடி ஷோரூமுக்கு ஓட வேண்டாம். அழைப்புகள் வரும்.

வாட்ஸ்அப் சிம்மை வைத்து ஓடுவதில்லை. ஒருமுறை பதிந்துவிட்டால் வைஃபையிலேயே ஓடும். அதனால்தான் சிம்மை முடக்கிய மூன்றாம் நாளும் உங்கள் பெயரில் செய்தி போனது. புது சிம்மைப் போட்டு வேறொரு போனில் அதே எண்ணில் வாட்ஸ்அப்பைப் பதிந்தால் திருடன் கையிலிருப்பது அந்த நொடியே வெளியேறிவிடும். ஆறு இலக்கக் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வராவிட்டால் ‘என்னை அழைக்கவும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், அழைப்பில் சொல்வார்கள். அவன் ஏதாவது இரட்டைப் பூட்டு போட்டு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை அவனும் உள்ளே இருக்க முடியாது, அது போதும். முடிந்ததும் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள்.

நாத்தனாரின் 8,000 ரூபாய்க்கு நீங்கள் சட்டப்படி பொறுப்பில்லை. ஏமாற்றப்பட்டவர் அவர்; எனவே அவர் கணக்கிலிருந்து போன பணத்துக்கு அவரேதான் 1930-இலும் தன் வங்கியிலும் புகார் தர வேண்டும். அவர் தன் கையாலேயே அனுப்பியதால் நான் மேலே சொன்ன 2017 பாதுகாப்பு அவருக்குப் பெரிதாக உதவாது. மடக்கப்பட்டால்தான் உண்டு. உறவுக் கணக்கு வேறு. அதற்கு என்னிடம் சட்டப் பிரிவு இல்லை.

போனை அழிப்பதா, காத்திருப்பதா?

முதலில் மகன் விஷயம். போகவே கூடாது. வரைபடத்தில் தெரியும் புள்ளி ஒரு தோராயம். நெருக்கமான தெருவில் அது பத்து வீடுகளுக்குப் பொதுவாக இருக்கும். தவறான வீட்டுக் கதவைத் தட்டினால் உங்கள் மகன் மேல் புகார் வரும். சரியான வீட்டைத் தட்டினால் அதைவிட ஆபத்து. திரையை நேரத்தோடு படம்பிடித்துக் கூடுதல் புகாரோடு இணையுங்கள், போதும்.

அழித்துவிட்டால் போலீஸ் கண்டுபிடிக்க முடியாது, போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐயை முடக்கினால் போன் கிடைக்கவே கிடைக்காது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தவறு. அழித்தால் நின்றுபோவது கூகுள் காட்டும் வரைபடம் மட்டும். போலீஸ் தேடுவது ஐஎம்இஐ எண்ணை வைத்து. உள்ளே இருப்பதை அழித்தாலும் அந்த எண் போனோடு இருக்கும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கக் கோரினால் 24 மணி நேரத்துக்குள் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் அது வேலை செய்யாது. யாராவது சிம் போட்டால் அந்தத் தகவல் போலீஸுக்குப் போகும். திரும்பக் கிடைத்தால் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம். இதற்குப் போலீஸ் புகார் நகல், அடையாள அட்டை, ஐஎம்இஐ எண் வேண்டும். ஓடிபி உங்கள் எண்ணுக்கு வரும் என்பதால் சிம் வாங்கிய மறுநாள் செய்யுங்கள். போன் வந்த பெட்டியிலும் பில்லிலும் அந்த எண் இருக்கும். இரண்டு சிம் போன் என்றால் எண்ணும் இரண்டு, இரண்டையும் கொடுங்கள்.

இனி படங்கள். மகனின் லேப்டாப்பில் உங்கள் கூகுள் கணக்கு திறந்திருப்பது பெரிய அதிர்ஷ்டம். அதில் கூகுள் போட்டோஸைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பேக்கப் வசதி இயங்கியிருந்தால் உங்கள் கணவரின் படங்கள் அங்கேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளுக்கு கூகுள் டிரைவில் வாட்ஸ்அப் பேக்கப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது திரும்ப வர அதே கூகுள் கணக்கும் அதே போன் எண்ணும் இரண்டுமே தேவை. எண்ணை விடாதீர்கள் என்று நான் வற்புறுத்த இதுவும் ஒரு காரணம். பதியும்போது ‘பேக்கப்பை மீட்கவா’ என்று ஒருமுறை கேட்கும்; அவசரத்தில் ‘தவிர்’ என்று அழுத்திவிடாதீர்கள்.

இருப்பதைப் பார்த்துப் பத்திரப்படுத்தியதும், கூகுளின் ஃபைண்ட் ஹப் பக்கத்தில் போய்ப் போனைப் பூட்டி, பிறகு அழிக்கும் கட்டளையைக் கொடுங்கள். போன் இணையத்தோடு தொடர்பில் வரும்போதுதான் அது நிறைவேறும். பேக்கப் எதுவுமே இல்லை என்றால்? அப்போதும் அழிக்கவே சொல்வேன். ஆதார் படமும் கார்டு படமும் அவன் கையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குப் புது ஆபத்து. படங்களைச் சொந்தக்காரர்களிடம் தேடிப் பார்க்கலாம். குடும்ப குரூப்பில் அனுப்பியவை மற்றவர்கள் போனில் இன்னும் இருக்கும். கூகுள் கடவுச்சொல்லை மாற்றி, பழைய போனை அந்தக் கணக்கிலிருந்து வெளியேற்றுவது அழிக்கும் கட்டளைக்குப் பிறகு. முதலிலேயே வெளியேற்றிவிட்டால் கட்டளை போகாது.

மகனின் எண்ணுக்கு ‘உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கில் உள்நுழையவும்’ என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கூகுளோ போலீஸோ அப்படி அனுப்புவதில்லை. அழிக்கப்பட்ட போனை மறுபடி இயக்க உங்கள் கூகுள் கடவுச்சொல் தேவைப்படும். அதைக் கறக்கத்தான் இந்தத் தூண்டில்.

ஆதார் நகல் வெளியே போயிருப்பதால் இன்னும் இரண்டு சிறு வேலை. சஞ்சார் சாத்தியிலேயே உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாதது இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். வாங்காத கடன் இருந்தால் அதில் தெரியும்.

புது போன்

‘இனி பட்டன் போன் போதும்’ என்று முடித்திருக்கிறீர்கள். போதும் என்றால் போதும்தான். *99# அழுத்தி அதிலும் யூபிஐ செய்யலாம். ஆனால் மகனோடு வீடியோவில் பேசுவதையும் விட்டுவிட வேண்டியதில்லை. புதிதாக ஆண்ட்ராய்டு வாங்கினால், அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் ‘திருட்டுப் பாதுகாப்பு’ இருக்கும். அதை இயக்கி வைத்தால், கையிலிருந்து பிடுங்கி ஓடும் அசைவை உணர்ந்து திரை தானே பூட்டிக்கொள்ளும். உங்களுக்கு நடந்த அதே சம்பவத்துக்காகச் செய்ததுதான்.

சிம்முக்கும் ஒரு பூட்டு போடுங்கள். அது இருந்தால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் ஓடிபி வராது. ஷோரூமிலேயே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். நிறுவனம் கொடுத்த ஆரம்ப எண் தெரியாமல் மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு அதைத் திறக்கும் பியூகே எண்ணுக்கு அலைய வேண்டும். பூட்டிய திரையில் செய்திகளின் உள்ளடக்கம் தெரியாதபடி வையுங்கள். யூபிஐ ஆப்பின் பூட்டை இந்த முறை மகன் அணைக்கக் கூடாது. கார்டு, ஆதார் படங்களை கேலரியிலிருந்தும், வாட்ஸ்அப்பிலிருந்தும், குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்குங்கள். அந்த டெபிட் கார்டை ரத்து செய்துவிட்டு வேறு வாங்குங்கள்.

ஓய்வூதியம் வரும் கணக்கை யூபிஐயோடு இணைக்கவே வேண்டாம். காய்கறிக்கும் ஆட்டோவுக்கும் தனியாக ஒரு சிறு கணக்கு. அதில் மாதச் செலவுக்கு வேண்டியது மட்டும். புது போனில் யூபிஐ பதிந்த முதல் நாள் பல வங்கிகள் சிறு தொகையைத்தான் அனுமதிக்கும், பயப்பட வேண்டாம்.

மனுக்களுக்கும் வழக்குக்கும் செலவாகுமே என்று தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழைத்தால் அருகில் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். போகும்போது சிஎஸ்ஆர் ரசீது, 1930 புகார் எண், பரிமாற்றங்கள் தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கை, ஸ்பீட் போஸ்ட் ரசீதுகள் நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.